ஏழு வரைக்கும்தான்

முதுகில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொழுப்புக் கட்டி. காலையில் அறுத்துவிட்டுச் சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, எண்பத்தொன்று இருக்கும். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். அவர் தங்கச்சி, என் நாத்தனார், துணைக்கு வந்தாள்.

மூக்கின்மேல் மயக்க மருந்து மூடியை வைத்தார்கள். தித்திப்பாக ஒரு நாற்றம். நர்சம்மா எண்ணச் சொன்னார். ஏழு வரைக்கும் எண்ணினேன். எட்டு ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது வாய் கசந்தது. வாந்தி எடுத்தேன். நாத்தனார் கண் சிவந்திருந்தது.

"எங்க அண்ணன் பேரச் சொல்லிக் கூப்ட்ட அண்ணி. நாலுவாட்டி."

"போடி. நானாவது சொல்றதாவது."

"நர்சம்மாவ கேளு. அவரு இருந்தப்ப ஒருவாட்டி சொல்லியிருப்பியா? இன்னிக்கு வராண்டால இருந்தவங்கல்லாம் எட்டிப் பாக்கறாங்க."

எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை. எங்கள் ஊரில் மலைதான் சாமி. அந்தச் சாமியின் பேர்தான் அவருக்கு. அதனால் கோயிலிலும் அந்தப் பேர் எனக்குக் கிடையாது. கார்த்திகை தீபத்தன்று ஊரே அந்தப் பேரைக் கூவும். நான் கையை மட்டும் கூப்புவேன். ரேஷன் கார்டுக்குப் புருஷன் பேர் கேட்டபோது ஜன்னல் வழியாக மலையைக் காட்டினேன். எழுதிக்கொண்டார்கள்.

ஒருநாள் அவர் கழனியிலிருந்து வந்து கால் கழுவும்போது கேட்டார்.

"ஒரே ஒருவாட்டி சொல்லேன். யாரு இருக்காங்க இங்க?"

"வேற வேல இல்ல உங்களுக்கு" என்று தட்டு எடுக்கப் போய்விட்டேன்.

அடுத்த மாசம் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச்செடி பிடுங்கும்போது அவரைப் பாம்பு கடித்துவிட்டது.

வீட்டுக்குக் கிளம்புமுன் நர்சம்மா ஊசி போட வந்தார். கேட்டேன்.

"எப்படிக் கூப்ட்டேன்?"

கொஞ்சம் யோசித்தார்.

"அழுகையெல்லாம் இல்லம்மா. சோறு ஆறுது, வாங்கன்னு கூப்பிடற மாதிரி."

எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏழோடு நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். "ஏங்க" என்றுதான் வந்தது. மறுநாளும் அப்படித்தான்.

எட்டாம் நாள் தையல் பிரிக்கப் போனேன்.

"மயக்க மருந்து குடுப்பீங்களா சார்?"

டாக்டர் சிரித்தார். "தையல் பிரிக்கறதுக்கு எதுக்கும்மா? வலிக்கவே வலிக்காது."

வலிக்குப் பயந்து நான் கேட்கவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.