பின்லாந்துக்குப் போன திருநீறு

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. யாருக்கு வர வேண்டிய பார்சல் எந்த ஊரில் நிற்கிறது என்றும் பார்த்துச் சொல்வேன். நம்பரை வாங்கித் தட்டி, "மதுரைக்கு வந்துருச்சு, நாளைக்கு வந்துரும், போங்க" என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிடுவேன். அதே வேலையை எனக்காகச் செய்ய நேர்ந்தபோதுதான் அது என்ன பாடு என்று தெரிந்தது.

நான் அனுப்பிய பதிவுத் தபால் பின்லாந்து போய்விட்டது. போன இடத்தில் நின்றும்விட்டது. 'அதிகாரிகளால் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று திரையில் ஒரே ஒரு வரி. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பார்ப்பேன். சாப்பாட்டுக்கு முன்னால் பார்ப்பேன், கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்ப்பேன். அந்த வரி அசையவே இல்லை. அந்தத் தபாலுக்குள் ஒரு கேள்விக்கு என் பதில் இருந்தது. அந்தப் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் நெஞ்சு ஆபரேஷனுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வதாக அங்கே ஒருவர் சொல்லியிருந்தார்.

அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். முகம் தெரியாதவர்களுக்கு வாழ்த்து அட்டை அனுப்பி, பதிலுக்கு ஓர் அட்டை வாங்கிக்கொள்கிற கூட்டம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம் அதில் என் பெயரைப் பதிந்தேன். ஜப்பான், போலந்து, பிரேசில் என்று அட்டைகள் வந்தன. பலரும் ஓர் அட்டையோடு சரி. இந்த அம்மாள் மட்டும் விடவில்லை. பனியில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் டவுன் பஸ்ஸில் ஆட்கள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போவார்கள் என்று நான் எழுதப்போக, அந்த டிரைவரைத் திட்டி இரண்டு பக்கம் பதில் வந்தது. அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்.

அதற்கப்புறம் அந்த இணையதளத்தை இருவருமே விட்டுவிட்டோம். நேரடியாகக் கடிதம்தான். இரண்டு பேருக்குமே இங்கிலீஷ் இரவல் சட்டை மாதிரி, தோளில் நிற்காது. அதனால் தப்பைப் பற்றிக் கவலையில்லாமல் எழுதினோம். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன், அதற்கு அர்த்தமும் எழுதினேன். மாசக்கணக்கில் வெயிலே வராத ஊரைப் பற்றி அவர் எழுதுவார். பருத்தியைப் போட்டுவிட்டு மேகத்தைப் பார்த்து நிற்கிற என் வீட்டுக்காரரைப் பற்றி நான் எழுதுவேன். போன் நம்பர் மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. "போன் வந்தால் கடிதம் செத்துப்போகும்" என்று அவர் எழுதினார். நானும் பெரிய இவளாட்டம் ஆமாம் போட்டேன். பிறகு எத்தனை தடவை என்னை நானே வைதுகொண்டேன் என்று கணக்கில்லை.

என் வீட்டுக்காரருக்கு இந்தக் கடிதம் எழுதுவதெல்லாம் கிறுக்குத்தனம். அவருக்குத் திருச்சுழிப் பக்கம் மானாவாரி நிலம் கொஞ்சம் இருக்கிறது. மழை இல்லாத காலத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பாளையம்பட்டியில் எங்கள் வீட்டுக்குத் தபால் வந்தால், "இந்தா, ஒங்க அக்கா சீர் அனுப்பிருக்காக, வந்து எறக்கிக்க" என்பார். சில சமயம் சிரிப்பேன். சில சமயம் அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடிப்போகும்.

பங்குனி வெயில் ஆரம்பித்த சமயம் அந்தக் கடிதம் வந்தது. வழக்கத்தைவிடச் சின்னக் கடிதம். நெஞ்சில் வால்வு கெட்டுவிட்டது, ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். 'புருஷன் போய்விட்டார், பிள்ளை இல்லை, பூனை ஒன்று இருக்கிறது, அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடலாம். போகாமல் இருந்தாலும் கொஞ்ச நாள் ஓடும் என்கிறார்கள். போனால் திரும்பி வருவேனா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. எனக்கு அலுப்பாக இருக்கிறது. நீ என் இடத்தில் இருந்தால் போவாயா? உன் பதிலைப் பார்த்து முடிவு செய்கிறேன்.'

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இப்படி ஒரு கேள்வியை ஏழு கடல் தாண்டி இருக்கிறவளிடமா கேட்பது? அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். ஒரே பக்கம். 'போவேன். நீங்களும் போங்கள். பூனையை யாரிடமாவது கொடுங்கள், திரும்பி வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அலுப்பு என்றெல்லாம் எழுதினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இன்னும் எங்கள் ஊர் மழையை நான் உங்களுக்கு எழுதவில்லை. பெய்தால்தானே எழுத. அதற்காகவாவது இருங்கள்.' இதைத்தான் மாற்றி மாற்றி எழுதியிருந்தேன்.

கவரை ஒட்டுகிற நேரத்தில் வீட்டுக்காரர் வந்தார். கடிதத்தில் இருந்ததை நான் சொல்லக் கேட்டுவிட்டுத்தான் அன்றைக்குத் திருச்சுழிக்கு லோடு போயிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளில் மடித்த திருநீறு.

"கோயில்ல அவுக பேரச் சொன்னேன். ஐயருக்கு வாயில நொழையல. பஸ்ஸு டிரைவருன்னு சொல்லிட்டு வாங்கியாந்தேன். வையி உள்ள."

இத்தனை வருஷம் கேலி பேசிய ஆள். எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளாமல் பொட்டலத்தை வாங்கிக் கவருக்குள் வைத்து ஒட்டினேன். வெளியூரில் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் போட்டால் உள்ளே திருநீறு வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம்தானே. மறுநாள் தபால் ஆபீசில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். "லெட்டருங்க" என்றேன். பொய் சொல்கிறோம் என்று துளியும் தோன்றவில்லை.

தபால் சென்னை போனது, விமானம் ஏறியது, அந்த நாட்டில் இறங்கியது. ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருந்தது. நிம்மதியாக இருந்தேன். அப்புறம்தான் அந்த வரி வந்தது.

ஏன் நிறுத்தினார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பின்கோடு தப்பா, ஸ்டாம்பு குறைவா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் கடைக்கே வந்துவிட்டார். லோடு இல்லாமல் கடைப் பக்கம் வராத மனுஷன். போனை என் முன்னால் நீட்டினார். எங்கோ வெளிநாட்டில் ஒரு தபால் ஆபீசை மூடி, உடம்பெல்லாம் பிளாஸ்டிக் உறை மாட்டிய ஆட்கள் இடுக்கியால் ஒரு கவரைத் தூக்கிக்கொண்டு போகிற வீடியோ. கவரிலிருந்து வெள்ளைப் பொடி கொட்டியிருந்தது. யாரோ விஷப் பொடி அனுப்பியதாகச் சந்தேகமாம்.

"ஏ பிள்ள," என்றார் மெதுவாக. "நம்ம வச்சதும் வெள்ளப் பொடிதான?"

கடையில் நாலு பேர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் ஒன்றும் பேச முடியவில்லை. ஒருவருடைய ஆதார் கார்டைத் தலைகீழாக வைத்து ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். "ஒங்கள யாரு கேட்டா? இத்தன வருஷமா ஒரு வார்த்த விசாரிச்சதில்ல. இப்ப வந்து பொட்டலத்த நீட்டுனீக. வெறும் லெட்டரா போயிருந்தா இந்நேரம் அவுக கையில இருந்திருக்கும்!" அவர் எதிர்த்து ஏதாவது சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பார்க்கவே எரிச்சலாகவும் இருந்தது.

இன்னோர் அட்டை எழுதினேன். 'போங்கள். என் கடிதம் வராவிட்டாலும் போங்கள்.' அவ்வளவுதான் அதில். அதைப் போடும்போதே தெரியும், ஆபரேஷன் நாளுக்குள் போய்ச் சேராது. எந்த ஆஸ்பத்திரி என்று அவர் எழுதவில்லை. பழைய இணையதளத்தில் தேடினேன், அவருடைய கணக்கு மூடிக் கிடந்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் ஆன்லைனில் வழி காட்டுகிற எனக்கு அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை.

என்னை அரித்தது இதுதான். அவர் அங்கே தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பார், ஒன்றும் இருக்காது. கேட்டதற்குப் பதில்கூடப் போடவில்லையே என்று நினைப்பார். சரி, அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டு பூனையோடு வீட்டிலேயே இருந்துவிடுவார். அல்லது போலீஸ் அவர் வீட்டுக் கதவைத் தட்டும். கெட்டுப்போன வால்வை வைத்துக்கொண்டு, உனக்கு இந்தியாவிலிருந்து ஒருத்தி விஷம் அனுப்பியிருக்கிறாள் என்று கேட்டால் அந்த நெஞ்சு என்னத்துக்கு ஆகும்?

ஆபரேஷன் என்று அவர் எழுதிய நாளும் வந்தது. நான் வழக்கம்போல் கடையைத் திறந்தேன். திரையில் அதே வரி. வீட்டுக்காரர் அன்றைக்கு லோடுக்குப் போகவில்லை. நெற்றியில் திருநீறும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை வெறும் நெற்றியோடு பார்த்தது கிடையாது. கேட்டதற்கு, "கையி போகல" என்றார்.

அப்புறம் வெறும் காத்திருப்பு. சித்திரை போய், வைகாசியும் பாதி போயிற்று. தபால்காரர் தெருவில் வந்தால் உள்ளே போய்விடுவேன். என்ன வந்திருக்கிறதோ என்று பயம். நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்த ஒரு நாள் மத்தியானம் அவரே வாசலில் நின்று குரல் கொடுத்தார். "ஃபாரின் லெட்டரு வந்துருக்குக்கா." வீட்டுக்காரர்தான் போய் வாங்கினார். வாங்கிய இடத்திலேயே நின்றார். "இது அவுக எழுத்தில்ல போலயே."

எழுத்து அக்காவுடையதுதான். ஆனால் குச்சி குச்சியாக, சாய்ந்து சாய்ந்து போயிருந்தது. படுத்துக்கொண்டு எழுதிய எழுத்து. எனக்குக் கவரைப் பிரிக்கப் பொறுமையில்லை, பல்லால் கிழித்தேன். படித்துக்கொண்டே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

'உன் பதில் வரவில்லை. எனக்குக் கோபம். போவதில்லை என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அப்போது போலீஸ்காரர்கள் இருவர் வந்தார்கள். இந்தியாவிலிருந்து உங்களுக்கு ஒரு கவர் வந்திருக்கிறது, உள்ளே பொடி இருக்கிறது, இந்தப் பெண் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். தங்கை என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். கடிதத்தைக் கொடுங்கள் என்றேன். சோதனை முடியாமல் தரமாட்டோம், வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். உள்ளே போ என்று எழுதியிருக்கிறாயா, போகாதே என்று எழுதியிருக்கிறாயா? அதைப் படிக்காமல் எப்படிச் சாவது? கெட்ட வால்வு அத்தனை வாரம் தாங்கும் என்று நம்பிக்கை இல்லை. அதனால் ஆபரேஷனுக்குப் போனேன்.'

அந்த வரியையே இரண்டாம் தடவை படித்தேன். வீட்டுக்காரர், "மேல படி, மேல படி" என்றார்.

'இப்போது கடிதத்தைக் கொடுத்துவிட்டார்கள். பொடி முழுவதும் சோதனைக்கே செலவாகிவிட்டதாம். மாட்டுச் சாணத்தின் சாம்பல் என்று அறிக்கையில் இருக்கிறது. நெஞ்சைக் கிழிக்கப் போகிற எனக்குச் சாணமா அனுப்பினாய்? நர்ஸிடம் சொன்னேன், இருவரும் சிரித்ததில் தையல் வலித்தது. அதை மடித்த தாளைத்தான் அவர்கள் அதிகமாகச் சந்தேகப்பட்டார்களாம். கட்டம் கட்டமாக எண்கள், நேரங்கள். ஏதோ சதித் திட்டம் என்று நினைத்து, உங்கள் மொழி தெரிந்தவரைத் தேடிப் பிடித்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது ஒரு நாளுக்குரிய நல்ல நேரம் என்று அவர் சொன்னாராம். அந்த நாள் எப்போதோ முடிந்துவிட்டது என்றும் சொன்னாராம். பரவாயில்லை. எனக்கு அனுப்பியதுதானே, எடுத்துக்கொண்டேன். அந்தத் தாள் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.'

வீட்டுக்காரர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "கிறுக்குப் பயலுக, ஒரு சிட்டிக கூடவா மிச்சம் வைக்கல" என்றார். பிறகு எழுந்து போய்ச் சாமி படத்துக்கு முன்னால் நின்று நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கே நான் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் திட்டு, ஒரு பக்கம் அழுகை. மழை மட்டும் இன்னும் பெய்யவில்லை என்று கடைசியில் எழுதினேன். கவரை ஒட்டப் போகும்போது அவர் காலண்டருக்கு முன்னால் நின்று தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"லெட்டரு அங்க போயிச் சேர எத்தன நாளாகும்?"

"ஒரு மாசம் ஆகும். எதுக்கு?"

விரலால் எண்ணி, நடுவிலிருந்து ஒரு தாளை அலுங்காமல் கிழித்தார். வராத நாளைக் கிழிக்கக் கூடாது என்று என்னைத் திட்டுகிற அதே ஆள். தாளை இரண்டு பக்கமும் ஊதி, துண்டால் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"பொடி கிடி ஒண்ணும் இல்ல. வெறுந்தாளுதான். போன தடவ முடிஞ்சுபோன நாள அனுப்பிட்டோம். இது அவுக கையில கெடைக்கிற அன்னைக்கி உள்ளது."

கடிதத்தோடு சேர்த்து மடித்து வைத்து ஒட்டினேன். எங்கள் வீட்டுக் காலண்டரில் அந்த ஒரு நாள் இல்லை. அதற்கு முந்தின நாளின் தாளைக் கிழித்த காலையில் இருவரும் அடுத்த தேதியைத் தாண்டி அதற்கடுத்த தேதி நிற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.