தம்பியின் பாதி முகம்

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு, சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பியால் பேச முடியாது. ஹாம் ரேடியோவில் புள்ளியும் கோடுமாக மோர்ஸ்தான் தட்டுவான். எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்றே வரும். நான் நம்புவதில்லை. அதனால்தான் முகத்தை ரேடியோ வழியாகவே படமாக அனுப்பச் சொன்னேன்.

எங்கள் சோமனூரில் அந்தப் படம் வரக் கரண்ட் போக வேண்டும். அக்கம்பக்கத்து விசைத்தறிகள் நின்றால்தான் ரேடியோவில் இரைச்சல் அடங்கும்.

இன்று மதியம் போனது. ரேடியோவையும், அதில் வரும் ஒலியைப் படமாக்கும் கம்ப்யூட்டரையும் பேட்டரியில் போட்டேன்.

படம் மேலிருந்து வரிவரியாக இறங்கியது. முதலில் முடியே இல்லாத தலை. பிறகு நெற்றி. பிறகு கண்கள். அவற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

ஜன்னல் வழியாகப் பக்கத்துத் தறிக்காரரிடம் கத்தினேன். "அண்ணா, ஒரே நிமிசம் தறியைப் போடாதீங்க!"

"ஏனுங்க அம்மிணி, ஊரே கரண்ட் வரோணும்னு கும்புடுது, நீங்க மட்டும் போகோணும்ங்கறீங்களே!" என்று சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார்.

மூக்குக்குக் கீழே வெறும் புள்ளியும் கோடும்தான். மறுபடி அனுப்பச் சொல்லித் தட்டினேன். பதில் வந்ததா, தெரியாது. தறிகளைத் தவிர எதுவும் கேட்கவில்லை. நாளை அவன் மீண்டும் ஆஸ்பத்திரியில் சேர்கிறான்.

நம் ஹாம் குழுவில் யாராவது அந்நேரம் ரேடியோ பக்கத்தில் இருந்திருந்தால், கீழ்ப்பாதி உங்களுக்கு வந்திருக்கும். அனுப்புங்கள். வரவில்லையென்றால் அதையே சொல்லுங்கள்.

சிரிக்கிறான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பொய்யை அவனே தினமும் அனுப்புகிறான்.