ஒரு 'கள்' கூடுதல்

"பத்திரிகையோட தலைமை ஆசிரியர் இருக்காருங்களா?"

தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் ஆரஞ்சுப் பழத்தை உரித்தபடி கேட்கிறார். மறுமுனை தயங்குகிறது.

"எந்த ஆசிரியருங்க? இது டயர் கடைங்க."

"தெரியும்ங்க. போன மாசமும் நான்தான் பேசினேன். இன்னும் டயர் கடைதானான்னு உறுதி பண்ணிக்கணும், அவ்வளவுதான். வியாபாரம் எப்படிப் போகுது?"

விசாரித்து முடித்துவிட்டு, ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, எதிரே விரிந்திருக்கும் கோப்பில் சிவப்பு மையால் ஓர் இன்டூ போடுகிறார். அலுவலக எண் என்று டயர் கடை எண்ணைப் போட்டிருந்த 'அகில உலக அனைத்துத் துறை உயர் ஆய்விதழ்' அந்தக் கணமே காலி. கூடவே, அதில் கட்டுரை எழுதிய பேராசிரியரின் பதவி உயர்வும் பாதி காலி.

பல்கலைக்கழக நூலகத்தின் நான்காம் மாடியில், இதழ்ப் பிரிவில், உதவி நூலகர். வயது ஐம்பத்திரண்டு. பதவி உயர்வு கேட்பவர்களின் கட்டுரைகள் உண்மையான ஆய்விதழில் வந்தவையா, பணம் கட்டினால் போதும், படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுவிடும் போலி இதழில் வந்தவையா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. பேராசிரியர்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே. அது காதில் விழுந்த நாளிலிருந்து அவரே தொலைபேசியை எடுத்து, "எக்ஸ்ரே பேசறேன்" என்கிறார்.

கெஞ்சிக்கொண்டு வருபவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான்: "படிக்காம போட்டா அது பத்திரிகை இல்லீங்க சார், ஜெராக்ஸ்." ஆசிரியர் குழுப் பட்டியல்களை அவர் வாசிப்பது மற்றவர்கள் சினிமாச் செய்தி வாசிப்பதுபோல. ஒருமுறை ஒரு பெயரில் விரலை வைத்துச் சொன்னார்: "இந்த மனுஷன் செத்து ஆறு வருஷம் ஆச்சு. ரெண்டே நாள்ல கட்டுரையைப் படிச்சு அபிப்பிராயம் சொல்லிடறாரு. உயிரோட இருக்கறவங்க ஆறு மாசம் இழுக்கறாங்க."

லிஃப்ட் விவகாரத்தைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. நூலகத்து லிஃப்ட் பதினோரு மாதமாக மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே அந்தரத்தில் நின்றிருந்தது. ஏழு புகார்க் கடிதம் எழுதினார், நிர்வாகம் அசையவில்லை. எரிச்சலில் ஏழையும் ஒன்றாக ஒட்டி, 'செங்குத்துப் போக்குவரத்தில் நிறுவன அலட்சியத்தின் தாக்கம்' என்று தலைப்பிட்டு, முதல் கட்டுரை இலவசம் என்று கூவிக்கொண்டிருந்த ஒரு பொறியியல் இதழுக்கு அனுப்பிவைத்தார். இரண்டாம் நாளே ஏற்றுக்கொண்டார்கள். 'ஆய்வு முறை கச்சிதம். இன்னும் சில லிஃப்டுகளைச் சேர்த்திருக்கலாம்' என்று மதிப்பீட்டாளரின் குறிப்பு வேறு. அதே கையோடு, கேட்காமலேயே அவரை ஆசிரியர் குழுவிலும் சேர்த்துவிட்டார்கள். பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு, கட்டுரையை ஆண்டறிக்கையில் சாதனை என்று போட்டது. துணைப் பதிவாளர் நான்கு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க, கை கொடுத்துவிட்டுப் போனார். படியில் இறங்கித்தான்.

இப்படிச் சிரித்துக்கொண்டே இன்டூ போட்டுக்கொண்டிருந்தவரின் மேசைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய தம்பியின் கோப்பு வந்தது.

தம்பி அதே பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் துறை விரிவுரையாளர். தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள நாற்பது கிணறுகளில் ஒன்பது வருஷம் தண்ணீர் எடுத்துச் சோதித்து, எதில் ஈயம் ஏறியிருக்கிறது, யார் அதைக் குடிக்கிறார்கள் என்று எழுதியவர். எக்ஸ்ரே அந்தக் கட்டுரையைப் படித்திருக்கிறார். பொன்னான வேலை. அது வெளியான இதழின் பெயரைத்தான் எழுத்தெழுத்தாக இரண்டு தடவை வாசித்தார்.

கோப்பைத் தூக்கிக்கொண்டு தலைமை நூலகரிடம் போனார். "சார், இது என் கூடப் பொறந்தவனோடது. வேற யாருக்காவது குடுங்க."

"வேற யாரும்மா இருக்கா? நம்ம பையன்தானே, ஒரு டிக் போட்டு அனுப்புங்க" என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

அங்கிருந்து நேராகத் தம்பியின் ஆய்வகத்துக்கு நடந்தார்.

"டேய், கட்டுரையை எங்கே அனுப்பினே?"

"நிலத்தடி நீர் ஆய்வுக்குத்தான்க்கா. அறுபது வருஷப் பத்திரிகை, உனக்குத் தெரியாததா?"

"நீ அனுப்பினது 'நிலத்தடி நீர் ஆய்வுகள்'. அந்தப் பேரை அப்படியே காப்பியடிச்சு, கடைசியில ஒண்ணைச் சேர்த்திருக்கான். ஒரு 'கள்'ளுல கவுந்துட்டியேடா."

தம்பி சிரிக்கவில்லை. கணினியில் இதழின் பக்கத்தைத் திறந்து, அந்த இரண்டு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாள்ல ஏத்துக்கிட்டாங்களே, ஒரு சந்தேகம்கூட வரலையா உனக்கு?"

"நல்ல கட்டுரைன்னு ஏத்துக்கிட்டாங்கன்னு நினைச்சேன்க்கா."

எக்ஸ்ரே கோப்பை மூடினார்.

"இப்ப என்ன பண்ணப் போறேக்கா?"

"இன்டூ போடப் போறேன்."

"நீ எனக்கு அக்காவா, ஆடிட்டரா?"

"காலையில பத்துலேருந்து அஞ்சு வரைக்கும் ஆடிட்டர்."

போட்டார். மை கொஞ்சம் அழுந்தி, அடுத்த தாளிலும் ஊறியிருந்தது.

தம்பி பேச்சை நிறுத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வருகைகள் நின்றன. தம்பி மனைவிதான் தொலைபேசியில் தகவல் சொன்னாள்: "உங்க பேரை எடுத்தாலே தட்டைத் தூக்கிக்கிட்டு பால்கனிக்குப் போயிடறாரு, அண்ணி. அங்கே உக்காந்து காக்காய்கிட்ட உங்களைப் பத்திக் குறை சொல்றாரு." இன்னொரு செய்தியும் அவள் வாயால்தான் வந்தது. கட்டுரையைத் திருப்பித் தரச் சொன்னதற்கு, போட்டதற்கு வாங்கியதைப்போல மூன்று மடங்கு கேட்கிறார்களாம். அவர்கள் அதை எடுக்காதவரை வேறெந்த நல்ல இதழும் தொடாது. ஒன்பது வருஷத்துக் கிணற்றுத் தண்ணீர், அப்படியே சாக்கடையில்.

எக்ஸ்ரே அந்த வாரம் டயர் கடையை விசாரிக்கவில்லை. 'ஆய்வுகள்' இதழின் பக்கங்களை வரிவரியாகத் துருவினார். முகவரியில் ஓர் எழுத்துப்பிழை. அதே பிழை, அதே முகவரி, தன் லிஃப்டைப் போட்ட பொறியியல் இதழிலும் இருந்தது. ஒரே கூட்டம், இரண்டு பலகை. ஆசிரியர் குழுவும் இரண்டுக்கும் ஒன்றுதான். எட்டாவது பெயர் அவருடையது.

உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். 'ஆசிரியர் குழு உறுப்பினர் என்ற முறையில் கிணறுகள் பற்றிய கட்டுரையை முழுமையாகப் படித்தேன். நம் இதழின் தரத்துக்கு அது சற்றும் பொருந்தவில்லை. நிராகரிக்கிறேன். உடனே நீக்கிவிட்டு, கட்டுரையாளருக்கு எழுத்துமூலம் தெரிவிக்கவும்.' அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அந்த இதழின் வரலாற்றிலேயே முதல் நிராகரிப்பு அதுவாகத்தான் இருக்கும். எப்படி எதிர்கொள்வது என்று அவர்களுக்கே தெரியவில்லை போலிருக்கிறது. இப்படி அதட்டி எழுதுகிற அம்மாள் யாரோ பெரிய இடம் என்று நினைத்தார்களோ என்னவோ, இரண்டே நாளில் கட்டுரையை எடுத்துவிட்டு, 'தரக்குறைவுக்கு வருந்துகிறோம்' என்று தம்பிக்குக் கடிதமும் அனுப்பினார்கள். எக்ஸ்ரே மறுநாளே குழுவிலிருந்து ராஜினாமா செய்தார். அதற்கும் பதில் வந்தது: 'தங்கள் படைப்பு ஏற்கப்பட்டது. சிறு திருத்தங்களுடன் அடுத்த இதழில் வெளியாகும்.'

தம்பிக்கு அந்த வருஷம் பதவி உயர்வு கிடைக்கவில்லை. கட்டுரையை 'கள்' இல்லாத இதழுக்கு அனுப்பியிருப்பதாகத் தம்பி மனைவி சொன்னாள். அப்புறம் ஐந்து மாதம் ஒரு சத்தமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் தம்பி. கையில் ஒரு கட்டுத் தாள். உள்ளே வந்து, செருப்பைக் கழற்றக்கூட மறந்து நின்றார்.

"நார் நாராக் கிழிச்சிருக்காங்கக்கா. மதிப்பீட்டாளருங்க ரெண்டு பேரு. பதினாலு பக்கம்."

"என்னடா சொல்றாங்க?"

"பதினேழாம் கிணத்துல மழைக்கு முன்னாடி ஏன் தண்ணி எடுக்கலைன்னு கேக்கறான் ஒருத்தன்."

"ஏன் எடுக்கலை?"

"ஒம்பது வருஷத்துல எனக்கே தோணலைக்கா."

எக்ஸ்ரே கட்டை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போனார். தண்ணீர் டம்ளர்கள் விட்ட ஈர வட்டங்கள் இரண்டு மூன்று இருந்தன. துணியால் துடைத்தார். உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார். ஒரு சொட்டு ஈரமும் இல்லை என்று தெரிந்தபின், முதல் பக்கத்தை இரண்டு கையாலும் எடுத்து மேசைமேல் வைத்தார்.