கண்ணாடியை உடைக்காமல்

அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயதிலேயே வாயில் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. பல்செட்தான். அது இல்லாத முகத்தைப் பார்த்தவள் அம்மா ஒருத்திதான். நானும் அண்ணனும்கூடப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் பொக்கை வாயோடு நின்றால் பிள்ளைகள் சும்மா விடுமா என்பார். ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் கழற்றுவார்.

அவருடைய இன்னொரு கர்வம் கார். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் அவரிடம் விற்றுவிட்டுப் போன பழைய கறுப்பு வண்டி. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான் கார். "இதோட கண்ணாடி ஒடைஞ்சா இந்தத் தேசத்துலயே வேற கிடைக்காது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். காம்பவுண்டுக்குள் நிறுத்தினாலும் பூட்டாமல் வரமாட்டார். மாற்றுச் சாவி எப்போதோ தொலைந்துவிட்டது. இருந்த ஒரே சாவி சமையலறை வாசல் ஆணியில் தொங்கும்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மே மாதம். அப்பாவும் அம்மாவும் பல்லாவரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மதியம் இரண்டு மணிக்குத் திரும்பினார்கள். அம்மா சேலை மாற்ற உள்ளே போனாள். அப்பா வண்டியைப் பூட்டிவிட்டு வந்து, கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "தண்ணி குடு, பாப்பா" என்றார். நான் செம்போடு வருவதற்குள் தரையில் சரிந்து கிடந்தார். அடுத்த தெரு டாக்டர் வந்து, கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

குளிப்பாட்டி உடுத்திவிட எங்கள் சபை மூப்பர் வந்தார். பல இழவுகளைப் பார்த்தவர். "பல்செட் இருந்தா இப்பவே போட்டுடணும்மா. தாடை இறுகிடுச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது. இந்த வெயிலுக்கு ரெண்டு மணி நேரம் தாங்கினாலே பெரிசு" என்றார்.

அம்மா தன் முந்தானையால் அப்பாவின் வாயை மூடினாள். வரும் வழியில் ஈறு குத்துகிறது என்று பல்செட்டைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, கார் டாஷ்போர்டுக்குள் வைத்துவிட்டாராம். "யாரையும் உள்ள விடாதே. அவரை இப்படி ஒருத்தரும் பார்க்கக் கூடாது" என்றாள். அன்றைக்கு அவள் கேட்டது அது ஒன்றுதான்.

ஆணியில் சாவி இல்லை. கால்சட்டைப் பையை அண்ணன் பார்த்தான். "கோட்டுப் பையப் பாரு, பாப்பா" என்றாள் அம்மா.

கோட்டு நாற்காலியில் அப்பாவின் தோள் அகலத்துக்கே தொங்கிக்கொண்டிருந்தது. அக்குளில் வியர்வை இன்னும் காயவில்லை. எனக்கு இருபத்திரண்டு வயது, ஒன்றும் குழந்தை இல்லை. ஆனாலும் அந்தப் பைக்குள் கையை விட என்னால் முடியவில்லை. அவர் உடம்புக்குள்ளேயே கையை விடுவது மாதிரி இருந்தது. திரும்பி வந்து, "பார்த்துட்டேம்மா, இல்ல" என்றேன்.

அதற்கப்புறம் கட்டிலடியில் தேடினார்கள், வாசல் மணலைச் சலித்தார்கள். நானும் மண்டியிட்டுச் சலித்தேன். ஏதோ நிஜமாகவே கோட்டைப் பார்த்துவிட்டவள் மாதிரி.

அண்ணன் பொறுக்க மாட்டாமல் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு காரிடம் போனான். அம்மா ஜன்னல் வழியாகக் கத்தினாள்: "ஒடைக்காதடா! அவரு வண்டியில ஒரு கீறல் விழக் கூடாது. மெக்கானிக்கக் கூட்டிட்டு வா."

ஜி.எஸ்.டி. ரோடு ஷெட்டில் மெக்கானிக் இல்லை. மேடவாக்கம் பக்கம் நின்றுபோன லாரியைப் பார்க்கப் போயிருந்தார். அண்ணன் சைக்கிளில் தேடிப் போய் அவரை அழைத்துவர ஐந்து மணி ஆகிவிட்டது. அதற்குள் மூப்பர் அப்பாவைக் குளிப்பாட்டி, கல்யாணத்துக்குப் போட்டுப் போன அதே சூட்டை, நாற்காலியில் கிடந்த கோட்டோடு உடுத்திவிட்டார்.

மெக்கானிக் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "யக்கா, கொஞ்சம் சோப்புத் தண்ணி குடு. ரப்பர் காஞ்சி கீது. அவசரப்பட்டா கிழிஞ்சி பேஜாராயிடும்" என்றார். கதவுக் கண்ணாடிக்கு முன்னால் இருந்த சின்ன முக்கோணக் கண்ணாடியின் ஓரத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவி ஊறவிட்டார். மெல்லிய ரம்பத் தகடு ஒன்றில் துணியைச் சுற்றி உள்ளே நுழைத்து, கொண்டியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க அவரை அடித்துவிடலாம் போலிருந்தது. யாரை அடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. கடைசியில் கொண்டி விலகியது. முழங்கை வரை கையை விட்டுக் கதவைத் திறந்தார்.

"பாத்துக்க சார், ஒரு கீறல் இல்ல" என்றார் அண்ணனிடம்.

பல்செட்டைக் கழுவி மூப்பரிடம் கொடுத்தேன். மணி ஆறாகிவிட்டிருந்தது. தாடையில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அமுக்கிப் பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார். அம்மாதான், "போதும், அவரை நோகடிக்காதீங்க" என்றாள்.

இனி கதவை மூடி வைத்து என்ன பயன்? ஊர் வந்தது. அப்பாவின் வகுப்புப் பிள்ளைகளும் வரிசையாக வந்தார்கள். கன்னம் ஒட்டி, உதடு உள்ளே மடிந்து கிடந்த முகத்தைப் பார்த்துவிட்டு ஒருவன், "இது சார் மாதிரியே இல்லடா" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். அம்மாவின் காதில் அது விழுந்தது.

மறுநாள் காலை, பெட்டியை மூடும் முன் அம்மா அந்தக் கைக்குட்டையை என்னிடம் கொடுத்தாள். "பல்செட் இதுல இருக்கு. அவரு கோட்டுப் பையில வச்சிடு, பாப்பா." முந்தின நாள் விட முடியாத கையை அன்றைக்கு விட்டேன். உள்பையின் அடியில் சாவி விரலில் பட்டது. அதை எடுக்கவில்லை. பல்செட்டை அதன் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். ஆணி அடித்தார்கள்.

அப்புறம் மெக்கானிக் வேறு பூட்டு மாட்டிக் கொடுக்க, கார் விலைக்குப் போய்விட்டது. அம்மா எழுபதுகளின் கடைசி வரை இருந்தாள். தெருவில் பழைய கார் எது போனாலும் நின்றுவிடுவாள். "நான்தான் ஒடைக்காதேன்னு தடுத்தேன். ஒரு கண்ணாடிக்காக உங்கப்பா முகத்தைக் கெடுத்துட்டேனே" என்பாள். ஆஸ்பத்திரியில், கடைசி வாரத்திலும் இதையே சொன்னாள்.

"விடும்மா" என்றேன். பத்து வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.