பிரேக்குக்கு எண்ணெய்

எண்பதுகளின் பிற்பகுதியில் நான் அஜ்மானில் குமாஸ்தாவாக இருந்தேன். அப்போது இன்னொருவர் போகவேண்டிய இங்கிலாந்துப் பயணத்தைப் பொய் சொல்லி எனக்கு எடுத்துக்கொண்டேன். அவருக்கு விசா மறுத்துவிட்டார்கள் என்று அவரிடமே சொன்னேன். அவருடைய பாஸ்போர்ட் என் அலுவலகத்து இரும்பு அலமாரியை விட்டு வெளியே போகவே இல்லை. எனக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. சுற்றி வளைத்துச் சொன்னாலும் பொருள் மாறப்போவதில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் முதலாளி அந்த ஊர் அரபியர். அர்பாப் என்றுதான் எல்லோரும் அழைப்போம். கடற்கரையை ஒட்டிய மணல் நிலத்தில் அவருக்கு ஒரு சிறு விளையாட்டுப் பூங்கா இருந்தது. ஒரு குட்டி ரயில், மோதிக்கொள்ளும் கார்கள், நாலைந்து ஊஞ்சல்கள், அவ்வளவுதான். அதையெல்லாம் ஓட வைத்தவர் இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து வந்த ஒரு மெக்கானிக். ஊரில் விசைப்படகு என்ஜின்களைப் பிரித்துப் பூட்டிப் பழகியவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் என்பதால், அவருடைய ஊர்க்காரர்களைப் போல நானும் அவரைக் காக்கா என்றே அழைத்தேன். யாழ்ப்பாணத்தானாகிய என்னை அவர் சார் என்றார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்ததும் தன் கையால் மீன் ஆணம், அவர்கள் ஊர்க் குழம்பு, காய்ச்சி எனக்கொரு பங்கு எடுத்துவைப்பார்.

அர்பாபுக்கு ஒரு பெரிய ராட்டினம் வேண்டுமென்று ஆசை வந்தது. இங்கிலாந்தின் கடலோரச் சிற்றூர் ஒன்றில் ஒரு கிழவர் தன் பழைய ராட்டினத்தை விற்பதாகத் தெரிந்தது. பன்னிரண்டு தொட்டில்கள் கொண்டது. மெக்கானிக் மூன்று வாரம் அங்கே போய், அதைப் பிரிக்கவும் பூட்டவும் பராமரிக்கவும் கற்றுக்கொண்டு வரட்டும் என்று சொல்லிவிட்டு, விசா வேலையை அர்பாப் என்னிடம் ஒப்படைத்தார்.

நான் ஆங்கிலம் படித்தவன். அந்த நாட்டின் கடற்கரைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருந்தேன், ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஒரு வரி ஆங்கிலம் தெரியாத மனிதர் போகிறாரே என்ற எரிச்சல் ஒரு வாரம் என்னைத் தின்றது. இந்தியர்களும் முன்கூட்டியே விசா எடுக்கவேண்டும் என்ற சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. மறுப்பு என்று யாரிடம் சொன்னாலும் நம்புவார்கள். ஆங்கிலம் தெரியாதவருக்கு விசா தரமாட்டார்கள் என்று அர்பாபிடம் சொன்னேன். அவர் கையை வீசி, “அப்படியானால் நீ போ” என்றார். பிறகு பட்டறைக்குப் போனேன்.

“காக்கா, உங்கட விசா சரிவரேல்லை.”

கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். “ஏன் சார்? என்ன காரணம் சொன்னாக?”

“அவை காரணம் சொல்லுறேல்லை.”

“ஒங்களுக்குக் கெடைக்குமா?”

“முயற்சி செய்து பாக்கலாம்.”

“பாருங்க சார். யாராச்சும் ஒருத்தர் போயிட்டு வரணும்ல. புள்ளைங்க ஏறுற சாமான்.”

மறுநாள் காலை ஒரு தாளைக் கொண்டுவந்து தந்தார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. அவர் அங்கே போய்க் கேட்பதற்காக எழுதி வைத்திருந்த பதினொரு கேள்விகள். உப்புக் காற்றுக்கு என்ன கிரீஸ், எத்தனை நாளுக்கு ஒருமுறை? தொட்டிலைத் தாங்கும் இரும்பு ஊசிகளை எப்போது கழற்றிப் பார்ப்பது? எந்தத் தொட்டிலில் முதலில் ஆள் ஏற்றுவது? ஏழாவது கேள்வி, பிரேக் பட்டையை எப்படிப் பராமரிப்பது? “நீங்க போய்க் கேளுங்க, அது போதும்” என்றார். நான் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இங்கிலாந்தில் முதல் நாளே அடி விழுந்தது. ராட்டினக் கிழவர் நல்லவர். பூங்கா வாசலில் அவர் மனைவி தேநீர் விற்றார், மருமகன் டிக்கெட் கிழித்தான். கிழவர் என்னை ராட்டினத்தின் அடிக்குக் கூட்டிப்போய் ஒவ்வொரு உறுப்பாகத் தட்டிக்காட்டி அரை மணி நேரம் பேசினார். எனக்கு ஒரு வாக்கியம்கூட விளங்கவில்லை. கடலோரத்து ஆங்கிலம். பாதிச் சொல்லை விழுங்கி மீதியைப் பல்லிடுக்கில் துப்பினார். இன்னொருமுறை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். வாழ்நாள் முழுவதும் ஆங்கிலத்தால் மதிக்கப்பட்டவனுக்கு அந்த ஒரு வரி வாயில் வரவில்லை. தலையை ஆட்டினேன். மறுநாளும் ஆட்டினேன். பதினொன்றில் நான்கு கேள்விகளுக்கு எப்படியோ பதில் கிடைத்தது. ராட்டினத்தைப் பிரிக்கும் வேலையை அவருடைய ஆட்களே பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்துவிட்டு, தினமும் பஸ் ஏறிக் கரையோரமாக அடுத்தடுத்த ஊர்களுக்குப் போனேன்.

ஊருக்கொரு சின்னப் பூங்கா. எல்லாம் ஏதோ ஒரு குடும்பத்துடையது. நாங்கள் வெயிலுக்குப் பயந்து கோடையில் மூடிக் குளிரில் திறப்போம். அவர்கள் குளிருக்குப் பயந்து கோடையில் மட்டும் திறப்பார்கள். அந்தக் கோடையும் எனக்கு மார்கழியாகத்தான் இருந்தது. மழைக்கோட்டு போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்து, தாளில் சுற்றிய உருளைக்கிழங்கு வறுவலை வினிகர் ஊற்றித் தின்றார்கள். தூறலில் குடை ராட்டினம் சுற்றியது. மரக்குதிரை ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பெயர் எழுதியிருந்தது. பேய்க் குகைக்குள் போகும் வண்டியில் ஏறினேன். ஒரு ஈரத் துணி முகத்தில் பட்டதற்கே கத்திவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

ஒரு ஊரில் சறுக்குக் கோபுரம் ஒன்று இருந்தது. உள்ளே படியேறி, வெளியே கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி வழுக்கிக்கொண்டு இறங்கவேண்டும். உட்கார ஒரு பாய் தருவார்கள். கையில் வாங்கியதும் தெரிந்தது, தேங்காய்த் தும்பில் பின்னிய பாய். மழையில் நனைந்த தும்பின் மணம். கழுத்தில் டையோடு, நாற்பது வயதில், மூன்று முறை சறுக்கினேன். மூன்றாவது முறை உச்சியில் உட்கார்ந்து கடலைப் பார்த்தபோது சட்டைப்பையில் தாள் மொடமொடத்தது. நான் அந்தக் காலத்தில் அதிகம் சிந்திக்கிறவன் அல்ல. சறுக்கிவிட்டேன்.

திரும்பும் விமானத்தில், மீதி ஏழு கேள்விகளுக்கும் நானே பதில் எழுதினேன். அறிவுள்ளதாகத் தோன்றும்படி எழுதினேன். தொட்டில் ஊசியை வருடம் ஒருமுறை பார்த்தால் போதும். பிரேக் பட்டைக்கு வாரம் ஒருமுறை எண்ணெய். இயந்திரம் என்றால் எண்ணெய்தானே என்று நினைத்தேன்.

காக்கா அந்தத் தாளை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். என்னைப் பார்த்தார். “சரி சார்” என்றார். மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

ராட்டினம் கப்பலில் வந்தது. அக்டோபரில் வெயில் தணிந்ததும் ஓடத் தொடங்கியது. துபாயிலிருந்தும் சார்ஜாவிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. அர்பாபின் பேரப்பிள்ளைகள்தான் முதலில் ஏறினார்கள். நானும் கை தட்டினேன்.

ஒரு வியாழக்கிழமை மாலை, துபாயின் தேராப் பகுதியில் வேலை முடித்து, நாலுபேரோடு பங்கு டாக்ஸியில் அஜ்மானுக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு ரவுண்டானாவில் எங்கள் வண்டி நிற்காமல் வழுக்கிப்போய், முன்னால் நின்ற லாரிக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றது. டிரைவர் பட்டாணியர். இறங்கிச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு வந்து தலையில் கைவைத்தார்.

“பிரேக் மே தேல் ஆகயா, பாய். கலாஸ்!”

எண்ணெய் கசிந்து பிரேக்கில் பட்டுவிட்டதாம், வண்டி அவ்வளவுதானாம். பட்டால் என்ன என்று அவரிடம் இந்தியில் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எண்ணெய் பட்ட பிரேக் பிடிக்காது, வழுக்கும், சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே, நீங்கள் படித்தவர்தானே என்றார்.

அன்று வியாழன், மறுநாள் வார விடுமுறை. கடற்கரையில் கூட்டம் நிரம்பியிருக்கும் மாலை. வேறொரு டாக்ஸியை மறித்து ஏறினேன். வழியெல்லாம் வாரங்களை எண்ணினேன். வாரத்துக்கு ஒருமுறையென்றால் இதுவரை ஐந்து முறை எண்ணெய் ஊற்றியிருப்பார். பூங்காவுக்குள் ஓடினேன். ராட்டினம் நிறையப் பெண்களும் பிள்ளைகளும்.

“காக்கா! நிப்பாட்டுங்கோ! உடனை நிப்பாட்டுங்கோ!”

அவர் ஒன்றும் கேட்காமல் கைப்பிடியை இழுத்தார். ராட்டினம் தயங்கி, மெதுவாகி, ஒரு குலுக்கல் இல்லாமல் நின்றது. தொட்டில் தொட்டிலாக ஆட்களை இறக்கினார். பிறகு என்னிடம் வந்தார்.

“என்ன சார், மௌத்து செய்தியா, யாரும் தவறிட்டாகளா? ஏன் மொகம் இப்புடி இருக்கு?”

“பிரேக்குக்கு எண்ணெய் விடுறீங்களோ?”

“இதைக் கேக்கவா இம்புட்டு தூரம் ஓடியாந்தீக?”

“காக்கா, அந்தத் தாளிலை ஏழு பதில் நான் எழுதினது. அந்த மனுசன் கதைச்சது எனக்கு விளங்கேல்லை.”

அவர் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். “படிச்ச அன்னைக்கே தெரியும் சார். பிரேக்குக்கு எண்ணெய் விடுறவன் ராட்டினம் வச்சுப் பொழச்சுருப்பானா? ஒரு பொட்டு எண்ணெய் அந்தப் பக்கம் போனதில்ல. ஊசியெல்லாம் வாராவாரம் கழத்திப் பாக்குறேன்.”

“அப்ப ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?”

“கேட்டா ஒங்க மொகம் கெட்டுப்போகும்ல. இங்கிலீசு தொரைக்கு இங்கிலீசு வெளங்கலன்னு நம்ம ஆளுக தங்குற கேம்ப்பே சிரிக்கும்.”

கவிழ்த்துவைத்த கிரீஸ் டின் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்படியொரு ஆறுதலை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. என் முட்டாள்தனத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆகவும் விட்டிருக்கமாட்டார் இந்த மனிதர். அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம், அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அந்தச் சிரிப்பின் முன்னால் மற்றதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

“இன்னொண்டும் இருக்கு காக்கா. உங்கட விசாவை அவை மறுக்கேல்லை. நான் பாஸ்போர்ட்டைக் குடுக்கவே இல்லை.”

சிரிப்பு அப்படியே நின்றது. “எம் பாஸ்போர்ட்டு ஒங்க அலமாரியிலயா இருந்துச்சு?”

“ஓம்.”

கைப்பிடியைத் துணியால் துடைத்தார். “ஊருக்கு கேசட்டுல பேசி அனுப்பிச்சேன். வெள்ளக்காரன் நம்மள வேணாம்னுட்டான்னு. அதைக் கேட்டுட்டு எம்பொஞ்சாதி அழுதுருக்கா.” பிறகு வரிசையைப் பார்த்தார். “ஆளு நிக்கிறாக” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை அர்பாபிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் வேலை விசாவை ரத்து செய்து என்னை அனுப்பிவிடுவார், சண்டை நடக்கும் யாழ்ப்பாணத்துக்கு நான் திரும்பவேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டே கேட்டார். பிரேக்கில் எண்ணெய் இருந்ததா என்றார். இல்லை என்றேன். அந்தக் கிழவரிடமே குடை ராட்டினம் ஒன்றும் வாங்கப்போகிறேன், வரும் கோடையில் மெக்கானிக் போவான், அவன் பாஸ்போர்ட்டை நீயே தூக்கிக்கொண்டு வரிசையில் நில் என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

காக்கா தந்தது அதைவிடப் பெரிது. அந்தக் குளிர்காலம் முழுவதும் என்னோடு வேலைப் பேச்சு மட்டும் பேசினார். சார் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. வெள்ளிக்கிழமை ஆணமும் வரவில்லை. விசா விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கப் போனபோது, “இந்தத் தடவ நெசமாவே குடுப்பீகளா?” என்று மட்டும் கேட்டார். வெயிலில் இரண்டு நாள் வரிசையில் நின்று கொடுத்தேன். மூன்றாம் வாரம் முத்திரை குத்திய பாஸ்போர்ட்டை அவர் கையிலேயே வைத்தேன். அவர் பொய்யென்று அறியாமல் பேசிய பொய்யைத் திருத்தி, என் குரலிலேயே ஒரு கேசட் பேசி அவர் மனைவிக்கு அனுப்பினேன். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

ஜூலையில் போனார், ஆகஸ்டில் திரும்பினார். வந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பூங்காவுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். பூட்டிக்கிடந்த பூங்கா. மணல் காலைச் சுட்டது. அவர் ராட்டினத்தடியில் நின்று அந்தப் பழைய தாளை நீட்டினார். என் ஏழு பதில்களையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் புதிய பதில்கள். ஏழாவதற்கு நேரே, ‘எப்பவும் காஞ்சு இருக்கணும், தொடுறதுக்கு முன்ன கை கழுவணும்’ என்றிருந்தது.

“அந்த மனுசன் கதைச்சது உங்களுக்கு விளங்கினதோ?”

“அவரு பேசினது அவருக்கு, நான் பேசினது எனக்கு. ஸ்பேனர் ஒண்ணுதானே. அந்தத் தலையாட்டி சார் சௌக்கியமான்னு தலைய ஆட்டிக் காட்டிக் கேட்டாரு.” பிறகு தொட்டிலைத் திறந்து பிடித்தார். “ஏறுங்க.”

ஏறினேன். மேலே போனேன். உச்சியில் ராட்டினம் நின்றது. ஆகஸ்ட் மத்தியானம், நிழல் இல்லை, காற்று இல்லை, தொட்டிலின் இரும்பு தொடையைச் சுட்டது. கீழே அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து ஒரு கிளாஸ் பாலில்லாத சுலைமானித் தேநீர் ஊற்றி, ஊதி ஊதிக் குடித்தார். ஒரு வாய் விடாமல் குடித்து முடித்தார். பிறகுதான் அண்ணாந்து பார்த்தார்.

“பிரேக்கு புடிக்குதா?”

“பிடிக்குது காக்கா!”

“நல்லா புடிக்குதா?”

“நல்லாப் பிடிக்குது!”

“எம்பொஞ்சாதி ஒங்க கேசட்ட எனக்குப் போட்டுக் காமிச்சா. அங்கேர்ந்து நேரா ஊருக்குப் போயி ரெண்டு நாளு இருந்துட்டுத்தான் வந்தேன்.” கைப்பிடியைத் தளர்த்தினார். தொட்டில் மெல்லக் கீழே வரத் தொடங்கியது. “எறங்கி வாங்க சார். ஆணம் ஆறிப்போயிரும்.”