கண்ணாடி டேங்க்

கல்யாணமான முதல் வருடம் நான் மெல்பேர்னில் இருந்தேன், அவர் சிட்னியில். பிளாஸ்டிக் பொருட்களைப் பரிசோதிக்கும் கூடத்தில் எனக்கு வேலை. அவர் எனக்காகச் சிகரெட்டை விட்டு வேப் என்ற மின்சிகரெட்டுக்கு மாறியிருந்தார். அதையும் போகப் போக விடுவதாகப் பேச்சு.

ஒரு மாலை, வெரிபீ ரயிலுக்காக நின்றபோது அழைத்தார்.

"இஞ்சாரும், வேப்புக்குத் திரவம் ஊத்திற பிளாஸ்டிக் டேங்க் வெடிப்பு விழுந்து ஒழுகிப்போச்சு. பேசாமல் சிகரெட்டுக்கே திரும்பட்டோ?"

எனக்குப் பதறியது. "என்ன ஃபிளேவர் ஊத்தினீங்கள்?"

"எலுமிச்சை."

"அதுதான்! எலுமிச்சையும் கறுவாப்பட்டையும் அந்தப் பிளாஸ்டிக்கை அரிச்சு வெடிப்பு விழப்பண்ணும். ஒண்டு, கண்ணாடி டேங்க் வாங்குங்கோ. ரெண்டு, மூடியும் அடியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாய் இருக்கவேணும். மூண்டு..."

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. "கண்ணாடி டேங்க் நேற்றே வாங்கிப்போட்டன். சிகரெட் தொடயில்லை, பயப்பிடாதையும்."

"பிறகேன் கேட்டனீங்கள்?"

"நீர் ஒண்டு, ரெண்டு எண்டு விளக்கம் சொல்லிறதைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு. அதுதான்."

 தொலைபேசியில் அன்பாகப் பேசத் தெரியாதவள் என்று அதுவரை என்னைப் பற்றி எனக்கே குறை இருந்தது. சாப்பிட்டீர்களா, எப்போது வருவீர்கள் என்பதற்கு மேல் போகாது. என் வேலைப் பேச்சுக்காக ஒருவர் ஏங்கிக் கிடப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

ரயில் வந்தது. நான் ஏறவில்லை. "மூண்டு..." என்று தொடங்கி, அவருக்குத் தேவையே இல்லாத டேங்க் மூடி ரப்பர் வளையங்களைப் பற்றி அடுத்த ரயில் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.