மிளகாய்ப் பூவுக்குப் போட்ட முக்காடு

என் வீட்டுக்காரரின் பெயர் குருசுமுத்து. ஆனால் எங்கள் ஊர் சுருவிலில் வந்து அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவரும் வழி காட்ட மாட்டார்கள். 'மிளகாய்க் குருசு' என்று கேட்க வேண்டும். பவுசர் லொறியில் குடிதண்ணீர் கொண்டு வருகிறவன்கூட எங்கள் வாசல் படலையில் நின்று, "அக்கா, இண்டைக்கு மனுசருக்கோ மிளகாய்க்கோ?" என்று கேட்டுவிட்டுத்தான் குழாயை இழுப்பான். நானும் சிரித்துச் சமாளிப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். எங்கள் கிணறு உவர். குடிக்க எடுத்து வைத்த தண்ணீரைச் சொல்லாமல் கொள்ளாமல் கொண்டுபோய் மிளகாய்க்கு ஊற்றும் மனிதரோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் என் வயிற்றெரிச்சல் விளங்கும்.

முன்பு இவர் நல்ல கடல்காரர். ஒருநாள் எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையேறும்போது இடுப்பில் நாரி பிடித்தது. டொக்டர் இனிக் கடல் வேண்டாம் என்றுவிட்டார். படகு தம்பியிடம் போனது, இவர் குசினிக்குள் வந்தார். கறிக்கு உப்புக் காணாது, புளி கூடிவிட்டது என்று என் உயிரை வாங்கினார். அந்த நேரத்தில்தான் நெடுந்தீவுக்குத் திருவிழாவுக்குப் போனோம். ஆட்கள் இல்லாத ஒரு வளவில், இடிந்த கல்வேலியின் ஓரத்தில், குருவி எச்சத்தில் முளைத்த ஒரு செடியைக் கண்டார். நெல்லைப் போலச் சின்னக் காய்கள், எல்லாம் மேலே பார்த்தபடி, பழுக்க முன் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன. ஒன்றைக் கடித்தார். கண்ணாலும் மூக்காலும் ஓடியது.

"யூலி, இப்பிடி ஒரு இனத்தை நான் ஒரு இடமும் காணேல்லை," என்றார்.

"காகம் தின்னாததை நீங்கள் ஏன் தின்னுறியள்?" என்றேன்.

கேட்டால்தானே. மற்றவர்கள் கருவாட்டோடு வள்ளம் ஏறினார்கள். நாங்கள் மிளகாய்ச் செடியோடு ஏறினோம்.

அதிலிருந்து பிடித்தது பைத்தியம். மீனுக்கு ஐஸ் போடும் ரெஜிபோம் பெட்டிகள் எல்லாம் மிளகாய்ப் பெட்டிகளாயின. முகநூலில் மிளகாய்க்காரருக்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்து உலகம் முழுவதும் ஆட்களைப் பிடித்தார். தபாலில் விதைகள் வந்தன. சொக்கிலேற் நிறத்தில் ஒன்று, ஆயரின் தொப்பியைப் போல ஒன்று. பங்குச் சுவாமியார் வந்து அந்தத் தொப்பி மிளகாயைப் பார்த்து, "ஆயர் ஆண்டவருக்குச் சொல்லி ஒருக்கா அளவு பாப்பமோ?" என்று சிரித்துவிட்டுப் போனார். ஆனால் எத்தனை வந்தாலும் நெடுந்தீவுக் குருவி மிளகாய்தான் இவரின் செல்லப்பிள்ளை. அது தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்ற நினைப்பு.

வளர்ப்பதைவிடப் படம் எடுப்பதில்தான் கூடுதல் பைத்தியம். விடிந்ததும் செடிக்கு முன்னால் குந்திவிடுவார். நாரி பிடித்த மனிதர் மிளகாய்க்காக எப்படி வேண்டுமானாலும் வளைவார். யாராவது பின்னால் நின்று கறுப்புத் துணி பிடிக்க வேண்டும். பனித்துளி மாதிரி இருக்கத் தண்ணீர் விசிற வேண்டும். பிறகு போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார். கீழே ஒருவர் அழகென்று மெச்சி 'வடிவு' என்று எழுதினால் அன்றைக்குச் சோறு இரண்டு பிடி கூட இறங்கும்.

இவருக்கு ஒரேயொரு தங்கச்சி, பிலோமினா. அவளின் புருசன் கடலோடு போய்விட்டான். ஒரு பிள்ளை, அன்ரனிட்டா. அடுத்த வளவுதான். பெரும்பாலும் கறுப்புத் துணி பிடித்தது பிலோமினாதான். "அண்ணை, கை உளையுது, கெதியாய் எடுங்கோ," என்பாள். அவள் நோய் வருத்தம் வந்து போய்ச் சேர்ந்தபோது மரண அறிவித்தலுக்குப் படம் தேடினோம். இவரின் போனில் இருந்தது முழுக்க மிளகாய். ஒரேயொரு படத்தில், ஒரு பழத்துக்குப் பின்னால், துணியைப் பிடித்த அவளின் விரல்கள் மட்டும் தெரிந்தன. கடைசியில் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போட்டோம். அன்றைக்கு இவர் தலை நிமிரவில்லை. கொஞ்ச நாள் போனையே தொடவில்லை. பிறகு தொட்டார்.

அன்ரனிட்டா பிரான்சுக்கு, தகப்பனின் ஆட்களிடம் போனாள். போக முன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து இவரின் கையில் கொடுத்தாள். தாயின் கலியாண முக்காடு. எங்கள் பக்கத்தில் அதை நெற் என்போம். பிலோமினா குமராக இருந்தபோது தன் கையால் கரை முழுக்கச் சின்னச் சின்னச் சிப்பிப் பூக்கள் தைத்தது. அவளின் வேலையென்று உலகத்தில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

"மாமா, இதைக் கவனமா வைச்சிருங்கோ. நான் வந்து போடுவன்."

"என்ர உயிர் மாதிரி வைச்சிருப்பன் பிள்ளை," என்றார். அலுமாரியின் அடித்தட்டில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு குருவி மிளகாய்க்கு ஒரு கேடு வந்தது. வண்டும் தேனீயும் மற்றச் செடிகளின் மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிட, விதை போட்டால் முளைப்பது வேறு சாதியாக இருந்தது. பூவை மூடிக் கட்ட வேண்டும், அப்போதுதான் இனம் பிசகாது என்று முகநூல் கூட்டம் சொன்னது. நுளம்பு வலையால் பை தைத்துக் கட்டினார். பாரம் தாங்காமல் பூ உதிர்ந்தது. நல்ல மெல்லிய நெற் வேண்டும் என்று புலம்பிக்கொண்டு திரிந்தார். சில நாள் கழித்துச் செடி முழுக்கக் குட்டிக் குட்டி வெள்ளைப் பைகள் தொங்கின. எங்கிருந்து வந்ததென்று நான் கேட்கவில்லை. சனியன், என்னவோ செய்யட்டும் என்று விட்டேன்.

அதை எடுத்துப் போட்ட படத்துக்கு வந்த வரவேற்பு வேறு ஒன்றுக்கும் வந்ததில்லை. வெள்ளைப் பைக்குள் கத்தரிப்பூ நிறக் காய், பின்னால் கறுப்பு. "மணப்பெண் மாதிரி" என்று ஒருவர் எழுதியிருந்தார். அன்ரனிட்டாவும் பார்த்திருக்கிறாள். மாமாவின் படம் எல்லாவற்றுக்கும் நாலு வரி எழுதுகிற பிள்ளை, இதற்கு ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த மாதமே அவள் போன் எடுத்துச் சொன்னாள். கலியாணம் சரி வந்துவிட்டது, மாப்பிள்ளை டெனிஸ்ரன் நாரந்தனைப் பெடியன், பிரான்சில்தான் வேலை. கலியாணம் மட்டும் சுருவில் கோயிலில், அம்மா கலியாணம் கட்டிய கோயிலில். மாமாதான் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நான் சந்தோசத்தில் அழுதேன். இவர் எழும்பி வெளியே போய்விட்டார். அண்ணன் மனது, தங்கச்சியை நினைத்திருப்பார் என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்று பின்னேரம் சும்மா இவரின் போனைத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளைப் பைப் படம் வந்தது. விரலால் பெருப்பித்தேன். பையின் வாயைச் சுற்றிச் சிப்பிப் பூ.

எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தேன். பெட்டிக்குள் முக்காட்டில் பாதிதான் இருந்தது. நடுவில் சதுரம் சதுரமாக வெட்டு.

"இஞ்சேருங்கோ, இது என்ன வேலை?"

வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "நடுவுக்குள்ள கொஞ்சம்தான் எடுத்தனான் யூலி. மடிச்சு வைச்சால் தெரியாது எண்டு. அவள் அங்க புதுசு வாங்குவாள் எண்டும் நினைச்சனான். பிறகு அது போதாமல் வந்திட்டுது."

"சரி, கரையை ஏன் வெட்டினியள்?"

"படத்துக்கு வடிவா இருக்கும் எண்டு."

நான் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். செத்தவளையும் இழுத்தேன். இவர் போய்ச் செடியில் இருந்த பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அவிழ்க்க அவிழ்க்கவே தேனீ வந்து பூக்களில் மொய்த்தது. இவர் திரும்பியும் பார்க்கவில்லை.

விறாந்தைச் சீலையை இழுத்து மறைத்துவிட்டு முக்காட்டைத் தைத்துப் பொத்தத் தொடங்கினார். கிழிந்த வலையைக் கண்ணுக்குக் கண் எடுத்துப் பொத்திய கை அது. மயிர்போன்ற நூலால் ஒவ்வொரு துண்டையும் பழைய இடத்தில் வைத்து முடிச்சுப் போட்டார். "கொஞ்சம் பிடியும் யூலி," என்று ஒருமுறை கேட்டார். "நான் தொடமாட்டன். நீங்கள் வெட்டினதை நீங்களே பொத்துங்கோ," என்றேன். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுத் திரும்பத் திரும்ப அலசி, நீலம் போட்டு, நிழலில் காயவிட்டார். கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "ஒண்டும் இல்லை, நல்ல மெதுமை," என்றார். எதற்காக அப்படித் தேய்த்தார் என்று நான் யோசிக்கவில்லை. தள்ளி நின்று பார்த்தால் பொத்தியது தெரியவில்லைதான். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"பிள்ளை வந்ததும் சொல்லிப்போடுங்கோ," என்றேன். "ஓம்," என்றார்.

அன்ரனிட்டா கலியாணத்துக்கு ஒரு கிழமை முன்னதாகவே வந்து எங்களோடு நின்றாள். வந்த அன்றே கேட்டாள், "மாமா, அம்மாவின்ர நெற் இருக்குதோ?"

"இருக்குது, இருக்குது," என்று சொல்லிக்கொண்டு இவர் கோழிக்குத் தீன் போடப் போனார். எங்கள் வீட்டில் கோழியே இல்லை. பக்கத்து வீட்டுக் கோழி.

அடுத்த நாள் அவள் பெட்டிகளுக்கு நடுவே நடந்தாள். குருவி மிளகாய்க்குப் பக்கத்தில் நின்று, "இதுக்கு முந்திப் பை கட்டியிருந்தனீங்கள் என்ன? எதால தைச்சனீங்கள் மாமா?" என்று கேட்டாள். குரலில் ஒரு கோபமும் இல்லை. நான் குசினி வாசலில் நின்று, சொல்லுங்கோ, இப்பவாவது சொல்லுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"அது ஒரு பழைய துணி," என்றார்.

அவள் கொஞ்ச நேரம் அவரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "வடிவா இருந்தது," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

கலியாணத்தன்று பிள்ளையைச் சோடிக்க யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு பெண் வந்தாள். முக்காட்டைக் குத்தி முடித்துவிட்டு, "கை என்னவோ கடிக்குது," என்று சொல்லித் தண்ணீர் கேட்டாள். புதுச் சவர்க்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கொடுத்தேன். முகத்தின் மேல் முக்காட்டை இழுத்துவிட்டு, மாமனின் கையைப் பிடித்துக்கொண்டு அன்ரனிட்டா கோயிலுக்குள் வந்தாள். நல்ல புழுக்கம். பாதி தூரம் வர முன்னமே அவளின் கண்ணால் தாரையாக ஓடத் தொடங்கியது. பெண்டுகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "பாவம், தாயை நினைச்சிட்டாள்," என்று யாரோ சொல்ல, கோயிலில் பாதிப்பேர் மூக்கை உறிஞ்சினார்கள். நானும் விம்மி விம்மி அழுதேன்.

இவர் அவளைப் பீடத்தடியில் விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். முகம் பிரேதத்தின் முகம் மாதிரி.

"யூலி, அது அழுகை இல்லை," என்று காதுக்குள் சொன்னார். "மிளகாய்ப் பழம் நசிச்சு விதை வடிச்சதும் அந்த நெற்றாலதான். கழுவினால் போயிடும் எண்டு நினைச்சனான். என்ர கன்னத்தில ஒண்டும் தெரியேல்லை."

எப்படித் தெரியும்? காலையும் மாலையும் அந்த நஞ்சோடு கிடந்து இவரின் தோல் மரத்துப் போய்விட்டது. நான் ஒருதரம் தொட்டிருந்தால் என் விரல் சொல்லியிருக்கும். வீம்புக்குத் தொடாமல் விட்டேன். அந்தப் பூசை முழுக்க நான் பீடத்தில் இருந்த சுருவத்தைப் பார்க்கவில்லை. என் செருப்பைத்தான் பார்த்தேன்.

பூசை முடிந்து, பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் கையெழுத்து வைத்தார்கள். டெனிஸ்ரனும் மற்றவர்களும் வெளியே போனார்கள். அன்ரனிட்டா முக்காட்டைத் தூக்கி முகத்தைக் கழுவினாள். கண் இரண்டும் கொவ்வைப்பழம். இவர் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, நான்…" என்றார்.

"படத்தில கண்ட உடனேயே எனக்குத் தெரியும் மாமா," என்றாள். "அம்மா தைச்ச பூ எனக்குத் தெரியாதோ? நீங்கள் வாய் திறந்து சொல்லுவியள் எண்டு வந்த நாளில இருந்து பாத்துக்கொண்டிருந்தனான்." துவாயைக் கண்ணில் ஒற்றினாள். "இப்ப இந்தக் கண்ணீர் அம்மாவுக்கோ, உங்கட மிளகாய்க்கோ எண்டு எனக்கே விளங்கேல்லை. அம்மாவுக்காக ஒருக்கா வடிவா அழ வேணும் எண்டுதான் இவ்வளவு தூரம் வந்தனான்."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. எங்கள் இரண்டு பேர்மேலும் அருவருப்பு வந்தது.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "உங்கட போனை எடுங்கோ. என்னை ஒரு படம் எடுங்கோ. மிளகாயை எடுக்கிற மாதிரி, கிட்ட வந்து எடுங்கோ."

இவர் கிட்டப் போனார். எடுத்தார்.

அவள் பிரான்சுக்குப் போய்விட்டாள். கிழமைக்கு ஒருதரம் எடுத்துக் கதைக்கிறாள், மாமாவின் நாரியை விசாரிக்கிறாள். இவர் மிளகாய்க்குத் தண்ணீர் ஊற்றுகிறார். படம் எடுப்பதில்லை. குருவி மிளகாய் மற்றதுகளோடு கலந்து எதுவோ ஆகிவிட்டது. போனில் அந்தக் கடைசிப் படம் இருக்கிறது. இவர் எடுத்த படங்களில் அதுதான் திறம். சிவந்த கண், நெற்றிக்கு மேலே முக்காட்டில் இவர் போட்ட முடிச்சு ஒவ்வொன்றும் தெரிகிறது.

"இதை ஏன் நீங்கள் முகநூலில போடேல்லை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போட்டால் எல்லாரும் கீழ வடிவு எண்டு எழுதுவினம் யூலி," என்றார்.